விறாந்தையை இடித்துக் கண்ணாடி போடலாமா?

பெயரும் வேலைத்தளமும் வெளியில் தெரிய வேண்டாம் என்று கேட்டுத் திருகோணமலையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

கொழும்பில் தலைமையகம் உள்ள ஒரு கொம்பனியின் கிளைக்கு அவர் பொறுப்பாளர். கிளையில் 34 பேர். அவர்களில் 22 பேர் வெளிநாட்டு நிறுவனங்களின் கணக்குகளைப் பார்ப்பவர்கள். மற்ற 12 பேர் இரண்டு ஷிப்டில் தமிழிலும் சிங்களத்திலும் தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் சொல்பவர்கள். இருக்கும் இடம் போதாமல், உட்துறைமுக வீதிப் பக்கம் துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் ஒரு பழைய மாடிவீட்டை ஐந்து வருடத்துக்குப் பேசி எடுத்திருக்கிறார்கள். மேலும் கீழுமாக 2,400 சதுர அடி. முன்னால் விறாந்தை, நடுவில் முற்றம், மேல் மாடிக்கு அஸ்பெஸ்டோஸ் கூரை. ஒப்பந்தம் முத்திரை ஒட்டிய ஒரு கடிதம் மட்டும்தான். வீடு உரிமையாளர் பெயரிலும் கனடாவில் இருக்கும் அவருடைய அக்கா பெயரிலும் இருக்கிறதாம். கையெழுத்து வைத்தவர் தம்பி மட்டும்.

தலைமையகம் நவீன அலுவலகம் என்று சில படங்களை அனுப்பியிருக்கிறது. ஒப்பந்தக்காரரும் அதற்கேற்ப ஒரு திட்டம் கொடுத்திருக்கிறார். விறாந்தையை எடுத்து முகப்பு முழுக்கக் கண்ணாடி, முற்றத்துக்கு மேல் கொங்கிரீட் தட்டு, உள்சுவர்களை இடித்து ஒரே மண்டபம், யாருக்கும் சொந்த மேசை இல்லை, எல்லா இடமும் ஏசி. ஒரு கோடியே இருபது இலட்சம் ரூபாய், அதில் 60 சதவீதம் முற்பணம். “உள்வேலைக்கு அனுமதி ஒன்றும் தேவையில்லை” என்றும் சொல்லியிருக்கிறார். ஊழியர்கள் முணுமுணுக்கிறார்கள். ஊன்றுகோலோடு வரும் ஒரு தம்பி, “அக்கா, அந்தப் படியில் நான் எப்படி ஏறுவது?” என்று கேட்டாராம். தலைமையகத்தை எதிர்த்தால் பழமைவாதி என்பார்கள், தலையாட்டினால் நாளைக்குப் பழி என்மேல் விழும், நான் என்ன செய்ய என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தைப் படித்து முடித்ததும் எனக்கு முதலில் பட்டது, உங்கள் கைக்கு நல்ல வீடு ஒன்று வந்திருக்கிறது என்பதுதான். விறாந்தை, முற்றம், தடித்த சுவர், உயரமான முதிரை யன்னல்கள். வெக்கையும் உப்புக்காற்றும் உள்ள ஊரில் ஒரு கந்தோருக்குத் தேவையான வேலையில் பாதியை அந்த வீட்டைக் கட்டியவர்கள் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உங்கள் ஒப்பந்தக்காரரின் திட்டம் அந்தப் பாதியை இடிப்பதற்குக் காசு கேட்கிறது. இதுதான் என் பதிலின் சாரம். ஆனால் வடிவமைப்பைக் கதைப்பதற்கு முன் அதைவிட அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது.

முதலில் கடதாசி

உங்கள் கையில் இருப்பது ஐந்து வருடக் குத்தகை என்று நினைக்கிறீர்கள். பெரும்பாலும் அது அப்படி இல்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காணி, கட்டடக் குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். முத்திரை ஒட்டிய கடிதம் அதற்கு ஈடாகாது. நாளைக்குத் தகராறு வந்தால், மாதாமாதம் வாடகை கட்டும் ஒருவர் என்ற நிலையில்தான் உங்கள் கொம்பனி நிற்க வேண்டி வரலாம். அந்த நிலையில் ஒரு கோடியே இருபது இலட்சத்தை மற்றவருடைய சுவருக்குள் போடுவது புத்தியில்லாத வேலை.

அடுத்தது கனடாவில் இருக்கும் அக்கா. உறுதியில் இரண்டு பேர் பெயர் இருந்தால் இரண்டு பேரும் கையெழுத்து வைக்க வேண்டும், அல்லது அவர் அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் கையெழுத்து வைக்க இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) அனுப்ப வேண்டும். “அக்கா ஒன்றும் சொல்லமாட்டா” என்று தம்பி சொல்வது உண்மையாகவே இருக்கலாம். வெளிநாட்டிலிருக்கும் சகோதரங்களின் மனம் வாடகை கூடும்போது மாறுவதையும் எங்கள் ஊர்களில் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

நான் கட்டடக் கலைஞன், சட்டத்தரணி இல்லை. அதனால் இந்தப் பகுதியை ஊரிலுள்ள ஒரு நொத்தாரிசிடம் கொண்டுபோங்கள். போகும்போது மூன்று விஷயங்களைக் குத்தகையில் எழுதச் சொல்லுங்கள். எந்தெந்த மாற்றங்களுக்கு உரிமையாளர்கள் சம்மதம் என்பது வரைபடம் இணைத்து இருக்க வேண்டும். போகும்போது எதைக் கழற்றிக்கொண்டு போகலாம், எது வீட்டோடு நிற்கும் என்பது இருக்க வேண்டும். காலம் முடியுமுன் அவர்கள் வெளியேறச் சொன்னால் செலவுக்கு என்ன ஈடு என்பதும் இருக்க வேண்டும். எழுதி முடிந்ததும் காணிப் பதிவகத்தில் பதிந்துவிடுங்கள். இது முடியும்வரை ஒரு கல்லையும் அசைக்க வேண்டாம்.

உள்வேலைக்கு அனுமதி வேண்டாமா?

வேண்டும். ஒப்பந்தக்காரர் சொல்வது சுவருக்கு நிறம் அடிப்பதற்குச் சரி. உங்கள் திட்டத்தில் முகப்பு மாறுகிறது, முற்றம் மூடப்படுகிறது, சுவர்கள் இடிபடுகின்றன, எல்லாவற்றுக்கும் மேலாகக் குடியிருப்பு வீடு ஒன்று கந்தோராக மாறுகிறது. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் அதன் திருத்தங்களும் பொருந்தும் பிரகடனப்பட்ட பகுதிகளில் இவை அபிவிருத்தி வேலைகள்தான். பாவனையை மாற்றுவதும் அதற்குள் அடங்கும். உள்ளூராட்சி மன்றத்தில் வரைபடம் கொடுத்து அனுமதி எடுக்க வேண்டும். வேலை முடிந்தபின் அனுமதித்தபடி கட்டப்பட்டிருக்கிறது என்ற இணக்கச் சான்றிதழும் வாங்க வேண்டும். காப்புறுதிக் கொம்பனி ஒரு நாள் அதைக் கேட்கும்.

நீங்கள் கடற்கரைப் பக்கம் வேறு. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கரையோர வலயம் சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை வரும். உங்கள் வீடு அதற்குள் இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி இந்த வேலைக்குத் தேவையா இல்லையா என்பதை அவர்களிடமே கேட்டு எழுத்தில் வாங்கி வையுங்கள்.

பழி யார்மேல் விழும் என்று கேட்டிருந்தீர்கள். வேலைத்தளத்தின் வெளிச்சம், காற்றோட்டம், கழிப்பிட வசதி எல்லாம் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி முதலாளியின் கடமை. தொழில் திணைக்களத்திலிருந்து யாராவது வந்தால் ஒப்பந்தக்காரரைத் தேடமாட்டார்கள். ஆகவே தலைமையகத்துக்கு நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு எச்சரிக்கையையும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். வாயால் சொன்னதற்குச் சாட்சி இல்லை.

மேற்குப் பார்த்த கண்ணாடி

இனி என் தொழிலுக்கு வருவோம். வீடு துறைமுகத்தைப் பார்க்கிறது என்றால் முகப்பு ஏறக்குறைய மேற்கு. திருகோணமலை கிட்டத்தட்ட எட்டரைப் பாகை வட அகலாங்கில் இருக்கிறது. இந்த அகலாங்கில் உச்சிவெயில் கூரையில் விழும். யன்னல் வழியாக உள்ளே வந்து சுடுவது காலையில் கிழக்கு வெயிலும் பின்னேரம் மேற்கு வெயிலும்தான். கிழக்கு வெயிலாவது காற்று சூடாகுமுன் போய்விடும். மேற்கு வெயில் ஏற்கெனவே கொதித்துப்போன பின்னேரத்தில் தாழ்வாக வரும், மேலே சின்னத் தாழ்வாரம் போட்டு அதை மறிக்க முடியாது. போதாததற்குத் துறைமுகத் தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் ஒளி கணினித் திரைகளில் விழும். வைகாசியிலிருந்து கச்சான் காற்று தரைப்பக்கத்திலிருந்து அனலாக வீசுவதும் அந்தத் திசையிலிருந்துதான்.

ஒரு சின்னக் கணக்கு. 20 அடி அகலம், 10 அடி உயரக் கண்ணாடி என்று வையுங்கள். அது ஏறத்தாழ 18.5 சதுர மீற்றர். பின்னேரம் நான்கு மணியளவில் நல்ல வெயிலில் மேற்குச் சுவரில் சதுர மீற்றருக்கு 600 வாற் அளவில் விழலாம். சாதாரணத் தெளிந்த கண்ணாடி அதில் ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விடும். ஆக 9 கிலோவாற்றுக்குக் கிட்ட. ஒரு தொன் ஏசி எடுத்து வெளியேற்றுவது மூன்றரைக் கிலோவாற் வெப்பம். அதாவது அந்தக் கண்ணாடிக்காக மட்டும் இரண்டரைத் தொன் ஏசி ஓட வேண்டும், உள்ளே இருக்கும் மனிதர்களுக்கும் கணினிகளுக்கும் தனி. அப்படியிருந்தும் முன்வரிசையில் இருப்பவருக்கு வெயிலில் நிறுத்திய வானுக்குள் இருப்பது போலத்தான் இருக்கும். இரண்டாம் வாரமே கண்ணாடியில் காட்போட் மட்டை ஒட்டுவார்கள். ஒட்டிய மட்டைகளை நான் கொழும்பிலும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதே விறாந்தையை விட்டுவிட்டால் வெயில் சுவரைத் தொடுமுன்பே நின்றுவிடுகிறது. மரச்சட்டத் தட்டி அல்லது ஓலைத்தட்டி இறக்கினால் பின்னேரத்தையும் சமாளிக்கலாம். தேநீர் குடிக்கவும் கைத்தொலைபேசியில் கதைக்கவும் வருகிறவர்கள் இருக்கவும் இடம் ஆயிற்று. படத்தில் உள்ள அந்த வட்ட வட்ட மெத்தை ஆசனங்களைத் தலைமையகம் கட்டாயம் வேண்டும் என்றால் அங்கே போடுங்கள், தடையில்லை.

முற்றத்தை மூடுவது கண்ணாடியைவிடப் பெரிய பிழை. சூடான காற்று மேலே போக அதுதான் வழி, நடு அறைகளுக்குப் பகல் வெளிச்சமும் அதுதான். மழைதான் கவலை என்றால், முற்றத்துக்கு மேல் இரண்டடி உயர்த்தி ஒரு கூரை போட்டு, பக்கங்களில் காற்றுப் போகத் திறந்து விடலாம். வாடைக்கால மழைக்கு வடிகால் குழாயின் அளவைப் பொறியியலாளரிடம் கேளுங்கள். பழைய குழாயை நம்ப வேண்டாம்.

ஏசி பற்றிப் பலரிடம் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது, உங்கள் கடிதத்திலும் அது தெரிகிறது: ஏசி போட்டால் நல்ல காற்று வரும் என்பது. சுவரில் மாட்டும் ஸ்பிலிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டு வருவதில்லை. அறைக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் திரும்பத் திரும்பக் குளிராக்குகிறது. மூடிய அறையில் பத்துப் பேர் இரண்டு மணிநேரம் இருந்தால் மூச்சுக்காற்றின் கரியமிலவாயு ஏறி, கொட்டாவியும் தலையிடியும் வரும். அதை மத்தியானச் சோற்றின் குற்றம் என்பார்கள். வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே தள்ளும் சின்ன மின்விசிறி ஒன்று ஒவ்வொரு மூடிய அறைக்கும் வேண்டும். ஏசியை 26இல் வைத்துக் கூரை மின்விசிறியும் ஓடினால், உடலுக்கு இரண்டு மூன்று பாகை குறைந்தது போல இருக்கும். மின்கட்டணத்துக்கு அது நல்லது, குளிரில் சால்வை போர்த்திக்கொண்டு வேலை செய்யும் பெண்களுக்கும் நல்லது.

திறந்த மண்டபமும் சொந்த மேசையும்

சுவர் இல்லாவிட்டால் ஆட்கள் கூடக் கதைப்பார்கள், குழுவாக வேலை செய்வார்கள் என்று தலைமையகம் நம்புகிறது. யோசனை புதிதும் இல்லை. ஜெர்மனியில் 1950களின் கடைசியிலேயே மேசைகளைத் தோட்டம் போலப் பரப்பிய கந்தோர்கள் வந்துவிட்டன. பலன் என்ன? 2018இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஈதன் பெர்ன்ஸ்டீனும் ஸ்டீபன் டர்பனும், திறந்த மண்டபத்துக்கு மாறிய இரண்டு பெரிய அமெரிக்க நிறுவனங்களின் ஊழியர்களை உணரிகள் அணியவைத்து அளந்தார்கள். முகம் பார்த்துக் கதைப்பது 70 சதவீதம் அளவில் குறைந்திருந்தது. மின்னஞ்சல் கூடியிருந்தது. எல்லோரும் பார்க்கும் இடத்தில் மனிதர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரைக்குள் தலையை விடுகிறார்.

உங்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கணக்குப் பார்ப்பவருக்கு அமைதி வேண்டும், அழைப்புக்குப் பதில் சொல்பவருக்குக் குரல் வேண்டும். விளங்காத இரைச்சலைவிட, பக்கத்தில் விளங்கும் பேச்சுத்தான் கவனத்தைக் கலைக்கும். டைல்ஸ் தரை, கொங்கிரீட் தட்டு, கண்ணாடி மூன்றும் சேர்ந்தால் அந்தப் பேச்சு மண்டபம் முழுக்க எதிரொலிக்கும். ஆகவே இருக்கும் அறைகளைப் பாவியுங்கள். தொலைபேசிக் குழுவைக் கீழே பின்னறைகளில் கதவோடு வையுங்கள், உட்கூரைக்கு ஒலியுறிஞ்சும் பலகை போடுங்கள். கணக்குக் குழு மேலே. இரண்டு பகுதியும் சந்திக்க முற்றத்தைச் சுற்றி நீள மேசை. பாரம் தாங்காத சுவர் ஒன்றிரண்டை எடுக்கலாம். எது தாங்காத சுவர் என்பதைத் தட்டிப் பார்த்து மேசன் சொன்னால் போதாது, கட்டமைப்புப் பொறியியலாளர் எழுதித் தர வேண்டும்.

மேசை விஷயத்தில் தலைமையகம் முழுப்பிழை என்று சொல்லமாட்டேன். தொலைபேசிக் குழு 12 பேரும் ஒரே நேரத்தில் வருவதில்லை. அவர்களுக்கு 7 இருக்கைகள் போதும்; ஆளுக்கொரு ஹெட்செட், பூட்டுள்ள லாச்சி, உயரம் மாற்றும் கதிரை இருந்தால் சரி. கணக்குக் குழு 22 பேரும் தினமும் முழுநாளும் வருகிறார்கள். அவர்களுக்கு மேசைப் பங்கீட்டால் ஒரு அடி இடமும் மிச்சமாகாது. லொஸ் ஏஞ்சல்ஸில் ஷையட் டே என்ற விளம்பர நிறுவனம் 1990களின் நடுவில் எல்லோருடைய மேசையையும் ஒழித்துப் பார்த்தது. கோப்புகளைக் காரின் டிக்கியில் வைத்து எடுக்க வேண்டிய நிலைக்கு ஊழியர்கள் வந்தார்கள். சில வருடங்களில் அதைக் கைவிட்டார்கள்.

இந்தக் கணக்கில் 29 இருக்கைகள். படி, கழிப்பறை, களஞ்சியம், நடைபாதை என்று 500 சதுர அடி போனால் இருக்கைக்கு 65 சதுர அடி கிடைக்கும். தாராளம் இல்லை, ஆனால் விறாந்தையும் முற்றமும் இருந்தால் நெருக்கம் தெரியாது. அவற்றை எடுத்துவிட்டால் தெரியும்.

கூரை, படி, உப்பு

அஸ்பெஸ்டோஸ் கூரையில் துளை போட்டு உட்கூரையைத் தொங்கவிடுவதாகத் திட்டத்தில் இருக்கிறது. அதை நிறுத்துங்கள். துளைக்கும்போதும் வெட்டும்போதும் பறக்கும் தூசி நுரையீரலுக்குப் பொல்லாதது, நோய் பல வருடங்கள் கழித்துத்தான் தெரியும். உட்கூரைக்குத் தனிச் சட்டம் சுவரிலிருந்து கட்டலாம். கூரையையே மாற்றுவதென்றால் தகடுகளை நனைத்து, உடைக்காமல் முழுசாகக் கழற்றி, பொலித்தீனில் சுற்றி அகற்ற வேண்டும். அந்த நாட்களில் ஊழியர் யாரும் வளவுக்குள் வரக்கூடாது. கூரை வேலை எதுவானாலும் ஐப்பசி மழைக்கு முன் முடிய வேண்டும்.

ஊன்றுகோலோடு வரும் தம்பியின் கேள்வி இந்தக் கடிதத்திலேயே மிகச் சரியான வடிவமைப்புக் கேள்வி. வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் 2006இல் வந்த அணுகுவசதி ஒழுங்குவிதிகளை உங்கள் கட்டடக் கலைஞர் பார்க்க வேண்டும். நடைமுறைக் கணக்கு எளிது: சாய்வு ஒன்றுக்குப் பன்னிரண்டு. தரை ஒன்றரை அடி உயரம் என்றால் சாய்வுப் பாதை 18 அடி நீளம், கைப்பிடியோடு. அவருடைய மேசையும் அவர் போகக்கூடிய அகலக் கதவுள்ள கழிப்பறையும் கீழே இருக்கட்டும். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் 18 அடி கிடைக்காது, செங்குத்தாக ஒரு சறுக்குப் பலகைதான் வரும்.

உப்புக்காற்றுக்கு இரும்புச் சட்டம் வேண்டாம். துருப்பிடிக்காத உருக்கு என்றால் 304 ரகம் கடற்கரையில் புள்ளி விழும், 316 கேளுங்கள். ஏசியின் வெளிப்பகுதிக்கு அரிப்புத் தாங்கும் பூச்சு உள்ளதா என்று பாருங்கள். முதிரை யன்னல்களை அலுமினியத்துக்கு மாற்றச் சொன்னால், பழைய மரத்தை யார் கொண்டுபோகிறார் என்று ஒருதரம் விசாரியுங்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவராக இருந்தால் சீமெந்துப் பூச்சு வேண்டாம். ஈரம் உள்ளே நின்று உப்புப் பூத்து உதிரும். சுண்ணாம்பே பூசுங்கள்.

உங்கள் ஊழியர்களில் முஸ்லிம்களும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தொழுகைக்கும் களைப்பாறவும் ஒரு சின்ன அறை, பக்கத்தில் காலளவில் ஒரு தண்ணீர்க் குழாய். வரைபடக் கட்டத்தில் இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

காசும் தலைமையகமும்

60 சதவீத முற்பணம் கொடுக்க வேண்டாம். 20 சதவீதத்துக்குள் நிறுத்தி, மிச்சத்தை முடிந்த வேலையை அளந்து கட்டங்கட்டமாகக் கொடுங்கள். 5 அல்லது 10 சதவீதத்தைப் பிடித்து வைத்து, ஒரு மழைக்காலம் கழிந்தபின் விடுங்கள். பொருள், ரகம், அளவு எழுதிய பட்டியல் இல்லாமல் ஒரு மொத்தத் தொகையை ஒப்புக்கொள்ளக்கூடாது. ஒப்பந்தக்காரர் கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு தகவல்தான்.

தலைமையகத்தோடு “எங்களுக்கு நவீனம் வேண்டாம்” என்று வாதாடாதீர்கள், தோற்றுவிடுவீர்கள். அவர்கள் இருக்கும் கொழும்பிலேயே கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1970களின் பிற்பகுதியில் அரச ஈட்டு வங்கிக்காக வரைந்த மாடிக் கட்டடம் நிற்கிறது. இயற்கைக் காற்றும் வெளிச்சமும் உள்ளே வரும்படி திட்டமிட்ட கந்தோர் அது. ஒருவல உருக்குக் கூட்டுத்தாபனத்துக்கு 1960களில் அவர் செய்த கட்டடத்தில் முகப்பே காற்றுப் புகும் கொங்கிரீட் சல்லடை. உலகம் முழுக்கக் கட்டடக்கலை மாணவர்கள் படிக்கும் வேலைகள் இவை. அந்தப் படங்களையும், மேலே சொன்ன ஏசிக் கணக்கையும், 29 இருக்கைக் கணக்கையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். கண்ணாடியும் கொங்கிரீட் தட்டும் இல்லாததால் மிஞ்சும் காசை நல்ல கதிரைகளுக்கும் ஒலியுறிஞ்சும் பலகைக்கும் மின்பிறப்பாக்கிக்கும் ஒதுக்கலாம் என்று சொன்னால் கணக்குப் பிரிவாவது உங்கள் பக்கம் வரும்.

இந்த வாரம் நொத்தாரிசு, அடுத்தது பட்டயக் கட்டடக் கலைஞர் ஒருவர், அதன் பிறகு உள்ளூராட்சி மன்றம். ஒப்பந்தக்காரர் நான்காவது ஆள். இன்னொன்று: மாடிப்படியின் அகலத்தையும் பின்கதவு எங்கே திறக்கிறது என்பதையும் நீங்கள் எழுதவில்லை. மேலே 22 பேரை வைப்பதென்றால் தீப்பிடித்தால் இறங்கும் வழி அதைப் பொறுத்தது. அளந்து எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.